அண்ணனுக்கும் எனக்கும் ஒரே ரிப்போர்ட்

டீ டம்ளரைக் கீழே வைத்தார் மாப்பிள்ளையின் தாய்மாமன். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணுக்கு ஒரு தடவ மண்டைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா நல்லதுன்னு வூட்டுல பேசிக்கிட்டாங்க."

நான் சமையல்கட்டு வாசலில் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தேன். பின்னாலிருந்து அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். தட்டில் இருந்த பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அதனால் அண்ணனை எங்கும் அனுப்பிவைக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. பின்னறையில் அண்ணன் எதையோ தட்டிக்கொண்டிருந்த ஓசை கூடம் வரைக்கும் வந்தது. தாய்மாமன் அதைக் கேட்டும் கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது அம்மாவிடம் டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொன்னேன். இது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து நடந்தது. இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. என்னப் பத்தியும் எழுது, விட்டுடாத" என்றார்.

குமரன்

அண்ணன் பெயர் குமரன். என்னைவிட நான்கு வயது பெரியவன். மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் அது அவன் பேச்சாக இல்லை. நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வான்.

"சாப்டியா?" என்றால் "சாப்டியா" என்பான். ஆமாம் என்று அர்த்தம். இல்லையென்றால் சும்மா இருந்துவிடுவான். வீட்டில் எங்களுக்கு இது பழகிவிட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு அவன் கிண்டல் செய்வதாகத் தோன்றும். முதல் வகுப்பில் வாத்தியார் "பேர் என்னடா?" என்று கேட்க, இவன் "பேர் என்னடா" என்று சொல்லி அடி வாங்கினான். இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம் முடிந்துபோனது.

அம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். எங்கள் ஊர்ப் பக்கம் அது வழக்கம். குறையைத் தாளில் எழுதி, சாமியிடம் மனுவாகக் கொடுத்துக் கட்டிவிட்டு வர வேண்டும். 'என் மகன் என்னோடு பேச வேண்டும்' என்று ஒரே வரி எழுதியதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். 'என்னோடு' என்ற சொல்லைத்தான் யோசித்து யோசித்து எழுதினாளாம்.

அவனுக்குப் பதினைந்து வயது ஆனபோதுதான் ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதுவரை யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். சொல் கிடைத்த அன்று அம்மா அழுதாள். அப்பா மட்டும் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாராவது கேட்டால் எடுத்துப் படித்துக் காட்டுவார்.

அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை பார்த்தார். மின்சார பியூஸ் கட்டைகள் செய்யும் கம்பெனி. அண்ணனையும் தினமும் கூட்டிக்கொண்டு போவார். சூளையிலிருந்து இறக்கிய கட்டைகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து ஆணியால் தட்டுவான். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் அவன் காது பிடித்துவிடும். தனியாக எடுத்து வைத்துவிடுவான். முதலாளி முதலில் நம்பவில்லை. நான்கைந்தை உடைத்துப் பார்த்தார். பிறகு அவனுக்கென்று மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் ஒதுக்கினார்.

குக்கர் விசில் மட்டும் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எங்கள் வீட்டில் குக்கரே கிடையாது. இன்றைக்கும் பானையில்தான் சோறு.

பஸ் ரூட்டு

இருபத்துநான்கு வயதில் அண்ணனுக்கு முதல் தடவையாக வலிப்பு வந்தது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆட்டிசம் இருப்பவர்களில் சிலருக்கு வலிப்பும் வரும் என்றார்கள். ஊசி போட்டுத் தூங்கவைத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள்.

ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கடைசி வரியில், குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அவரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் இவ்வளவு பட்டிருக்கிறோம், படத்தில் ஒன்றுமே இல்லை என்றால் எப்படி?

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன்.

"விருத்தாசலத்துலேர்ந்து சேத்தியாத்தோப்புக்கு எத்தன பஸ்ஸு, திட்டக்குடிக்கு எத்தன பஸ்ஸு? ஒண்ணுக்கு அதிகம், ஒண்ணுக்குக் கம்மி. அத ரோட்டப் போட்டோ புடிச்சாத் தெரியுமா? நீங்க எடுத்த ஸ்கேன் ரோட்டோட போட்டோ. ரோடு நல்லா இருக்குது."

பிறகு நிதானமாகச் சொன்னார். ஆட்டிசம் உள்ள இளைஞர்களின் மூளையில் இடத்துக்கு இடம் நடக்கும் போக்குவரத்து வேறு மாதிரி இருக்கிறது என்பதை ஆராய்ச்சி செய்பவர்கள் வேறு வகை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ஆளைச் சும்மா படுக்கவைத்து, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் வேலை ஒரே சமயத்தில் ஏறி இறங்குகிறது என்று கவனிப்பார்கள். தூரத்துப் பகுதிகளுக்கு நடுவே தொடர்பு குறைவு, பக்கத்துப் பகுதிகளுக்கு நடுவே அதிகம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இப்போது அப்படி ஒரே வரியில் சொல்வதில்லை. வயதுக்கு வயது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. நிறையப் பேரைச் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். ஒரே ஓர் ஆளின் படத்தை வைத்துக்கொண்டு இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்ப எங்க அண்ணனுக்கு அந்த ஸ்கேன் எடுக்க முடியுமா?" என்றேன்.

அந்த ஸ்கேனில் விழித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கிடக்க வேண்டுமாம். கொஞ்சம் அசைந்தாலும் படம் பொய் சொல்லிவிடும். இயந்திரத்தின் சத்தமும் அதிகம். அண்ணனைப் போன்றவர்கள் அதற்குள் படுக்கவே மாட்டார்கள். அதனால் அந்தக் கணக்கிலேயே அவர்கள் அதிகம் வரவில்லை என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: ரோடு நன்றாக இருக்கிறதாம். அப்பா அதையே ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவலி என்று சொன்னேன்

தாய்மாமன் ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். ஆட்டிசம் என்றால் மூளையில் கனெக்‌ஷன் கோளாறு, அது குடும்பத்தில் வரும் என்று அதில் ஒருவர் சொன்னாராம். பாதி உண்மையும் பாதி பயமும் கலந்த வீடியோ. அவர் அக்காள் மகன்தான் மாப்பிள்ளை, ஒரே பையன். பேரப்பிள்ளை குமரனைப் போல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி.

அப்பா வேண்டாம் என்றார். இந்தச் சம்பந்தமே வேண்டாம், போகட்டும் என்றார். எடுக்கிறேன் என்று சொன்னது நான்.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கல்யாண ஆசை என்று நினைத்திருப்பார்கள். ஆசையும் இருந்தது. இருபத்தாறு வயது. மாப்பிள்ளை ஒரு தடவை போனில் பேசியபோது மரியாதையாகப் பேசினார்.

ஆனால் உள்ளே வேறு ஒன்றும் இருந்தது. சின்ன வயதில் பாவாடையின் உள்தையல் உடம்பில் பட்டால் எனக்கு அழுகை வரும். மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகள் கோணலாக இருந்தால் கை தானாகப் போய் நேராக்கும். கூட்டத்தில் பத்துப் பேர் ஒன்றாகப் பேசினால் தலைக்குள் எல்லாம் கலங்கிவிடும். அண்ணனிடம் இருப்பதில் ஒரு துளி எனக்குள்ளும் இருக்கிறதா என்று பன்னிரண்டு வயதிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். படத்தில் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னது நன்றாக நினைவிருந்தது. தெரிந்தும் போனேன். இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும்போல் இருந்தது.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் ஆறு மாதமாகத் தலைவலி என்று பொய் சொல்லிச் சீட்டு வாங்கினேன். வேறு ஊருக்குப் போய் எடுத்தேன். இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது, சுத்தியலால் தகரத்தை அடிப்பதுபோல் காதுக்குள் சத்தம். அண்ணன் இதை ஊசி போட்டுக்கொண்டுதான் கடந்தான். நான் விழித்துக்கொண்டு கடந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ரிப்போர்ட் வந்தது. கடைசி வரி, குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

அலமாரியிலிருந்து அண்ணனின் ரிப்போர்ட்டை எடுத்து இரண்டையும் கட்டிலில் விரித்துவைத்தேன். பெயரும் வயதும் வேறு. மற்றபடி ஒரே வரிகள், ஒரே சொற்கள். என் தாளுக்கு என்ன மதிப்போ அவன் தாளுக்கும் அதே மதிப்பு. அவனுடையதை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என்னுடையதை மட்டும் நகலெடுத்துத் திட்டக்குடிக்கு அனுப்பினேன்.

நிச்சயதார்த்தம்

அவர்கள் சம்மதம் சொன்னார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் பக்கம் சொந்தக்காரர்கள் நிறைய வருவார்கள். அன்று மட்டும் அண்ணன் மண்டபத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது, கல்யாணத்துக்குப் பிறகு எல்லாருக்கும் மெல்லத் தெரியட்டும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "பாய் வூட்டுக்கு அனுப்பிடலாம்பா. அங்கன்னா அண்ணன் சும்மா இருப்பான்" என்றேன் நான்.

சலீம் பாய் மங்கலம்பேட்டையில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். குவைத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பியூஸ் கட்டை வாங்க அப்பாவின் கம்பெனிக்கு வருவார், அப்படிப் பழக்கம். அண்ணனிடம் அவர் கேள்வியே கேட்க மாட்டார். "குமரா, நான் வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வார். "நான் வந்துட்டேன்" என்பான் அண்ணன். இரண்டு பேருக்கும் அது போதும்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் கொஞ்சம் தயங்கினார். நிச்சயத்தில் அண்ணன் இருக்கக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாராம். பிறகு, சரி, என் மகன் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் பாயின் பைக்கில் ஏறினான். மற்ற நாளில் இவ்வளவு சீக்கிரம் குளித்திருக்க மாட்டான். வீட்டில் விசேஷம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் "போயிட்டு வரியா?" என்றேன். "போயிட்டு வரியா" என்றான்.

பாய் கடையில் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மாடியில் அவர் மனைவி அண்ணனுக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறார். அண்ணனுக்காக அன்று குக்கர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வைத்தார்கள். விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கி, பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். அந்த அம்மா பின்னாலேயே ஓடியும் தெருமுனையில் ஆளைக் காணவில்லை.

பாய் உடனே அப்பாவுக்குப் போன் போட்டார்.

மண்டபத்தில் அப்போது தட்டு மாற்றும் நேரம். ஐயர் இல்லை, பெரியவர்களே நடத்தினார்கள். அப்பாவின் சட்டைப் பையில் போன் சத்தம் இல்லாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். நான் எதிரில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். அது யார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பாய் காரணமில்லாமல் அந்த நேரத்தில் போன் செய்கிறவர் இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிச்சயத்தில் பெண் குனிவது வழக்கம்தானே, யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தட்டை வாங்கினார்.

அந்த ஊர்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரும் வழியில் ஒரு ஊர். பெயரை எழுதப்போவதில்லை. மண்டபத்திலிருந்து இருபது நிமிஷத்தில் போய்விடலாம்.

அண்ணன் ரோட்டோரமாக வீட்டை நோக்கித்தான் நடந்திருக்கிறான். பஸ்ஸில் பலமுறை வந்த வழி. அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் மூன்று வயதுப் பெண் குழந்தை கொலுசு போட்டுக்கொண்டு குதித்து விளையாடியிருக்கிறது. அண்ணன் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் சுற்றுகிறது என்று அந்த மாதம் எல்லார் போனிலும் செய்தி ஓடியது. எங்கள் கடைக்கு வந்தவர்கள்கூட அதைக் காட்டினார்கள். யாரோ ஒருவர் அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட, ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வருகிறாய் என்றிருக்கிறான். ஒருவர் அறைந்தார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதைப் பாய் தன் காதால் கேட்டார். அண்ணனைத் தேடிக்கொண்டு வந்தவர் அப்போதுதான் பைக்கை ஓரம் கட்டினார்.

"புள்ள புடிக்கத்தான வந்த?"

"புள்ள புடிக்கத்தான வந்த."

"ஒத்துக்கிட்டான்டா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

கம்பத்தில் கட்டினார்கள். கட்டையாலும் கல்லாலும் அடித்தார்கள். பாய் கத்திப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அண்ணனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டார். அவருக்கும் அடி விழுந்தது. இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அவரைத் தெரிந்த பால்காரர் ஒருவர் வந்த பிறகுதான் அடி ஓய்ந்தது.

தட்டு மாற்றி முடிந்த பிறகுதான் அப்பா பாய்க்குத் திருப்பிப் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன. ஆட்களைக் காணோம். அண்ணனின் புதுச் சட்டையில் காலர் மட்டும் கழுத்தில் இருந்தது. நான் பட்டுப் புடவையோடு ரோட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பாய் முறிந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, ஒரு நிமிஷம் முந்தி வந்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை. அப்பாவும் நானும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

வெள்ளைத் திட்டு

கடலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அதே ஆஸ்பத்திரி. தலைக்குள் ரத்தம் உறைந்திருந்தது. மண்டையைத் திறந்து எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் அதே டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து என்ன கோளாறு, எங்கே கோளாறு என்று கேட்டுக் கேட்டு அலைந்தோம். எந்தப் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவையாகத் தெரிந்தது இதுதான். இது அவனோடு பிறந்ததில்லை. ஆட்கள் போட்டது.

"ரோடு போச்சுங்களா?" என்றார் அப்பா.

டாக்டரம்மா படத்தை உறைக்குள் வைத்துவிட்டு அப்பாவின் தோளில் கை வைத்தார்.

அண்ணன் பிழைத்தான். வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்கின்றன. பேச்சு போய்விட்டது. திருப்பிச் சொல்வதும் இல்லை. "சாப்டியா?" என்றால் முகத்தைப் பார்க்கிறான். ஆமாமா இல்லையா என்று இப்போது எங்களுக்கும் தெரியாது. அம்மா ஒரு வாய் ஊட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். பீங்கான் கம்பெனிக்கு ஒருநாள் தூக்கிக்கொண்டு போனோம். முதலாளி கட்டைகளை மடியில் வைத்தார். ஆணியை விரல்களால் பிடிக்க முடியவில்லை. இடது கையில் கொடுத்தோம். ஒரு தடவை தட்டிவிட்டுக் கீழே போட்டான். அப்பா அந்த மாதத்தோடு வேலையை விட்டார்.

மாப்பிள்ளை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தார். கட்டிலருகே நின்று அண்ணனைப் பார்த்தார். அவர் அண்ணனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இப்படின்னு தெரியாதுங்க" என்றார். எதைச் சொன்னாரோ. நிச்சயத்தில் போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்தவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்.

சாட்சி

வழக்கு விருத்தாசலம் கோர்ட்டில் நடந்தது. நான்கு பேர் மேல் கேஸ். பாய் சாட்சி சொன்னார். கை இன்னும் முழுசாக நீளவில்லை, கூண்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என்னையும் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கட்டாக மருத்துவத் தாள்கள். எங்கோ தேடி நாலு சொல் பிடித்து வைத்திருந்தார். உங்கள் அண்ணனுக்கு மூளையில் இணைப்புகள் சரியில்லை என்பது உண்மையா, அப்படிப்பட்டவர் ஒரு குழந்தையை என்ன செய்வார் என்று ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ஐயா, அடி படுறதுக்கு முன்னாடி அவரோட ஸ்கேன் ரிப்போர்ட்டும் என்னோட ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒண்ணுதான். ரெண்டும் கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

இரண்டு தாளையும் நீதிபதி வாங்கிப் பார்த்தார். வக்கீல் வேறு கேள்விக்குப் போய்விட்டார். பூட்டி வைத்த தாளை வெளியில் எடுக்க எனக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

அடுத்துக் கூப்பிட்டது அந்தக் குழந்தையின் அம்மாவை. அலமேலு என்று பெயர். என் வயதுதான் இருக்கும். கேஸில் இரண்டாவதாக இருந்தவன் அவள் கொழுந்தன். அவனுக்குச் சாதகமாகத்தான் சொல்வாள் என்று எங்கள் வக்கீலே முன்னதாகச் சொல்லிவைத்திருந்தார்.

அவள் கூண்டில் ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நீதிபதியைப் பார்த்து மட்டும் பேசினாள்.

"அவரு புள்ளயத் தொடவே இல்லைங்க. கொலுசு சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. எம் பொண்ணு சிரிச்சிக்கிட்டு இருந்துது. நான் உள்ளேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

யார் யார் அடித்தார்கள் என்றும் சொன்னாள். கொழுந்தன் பெயரையும் விடவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார். பயமாக இருந்தது என்றாள். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அவள் ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அவளை விட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நானும் அவளும் மட்டும் நின்றோம். வெயில் தார் ரோட்டிலிருந்து முகத்துக்கு ஏறியது. அப்பா தள்ளி, ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இனி அவள் எந்த வீட்டுக்குப் போவாள் என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். பிறகு என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்கக்கா. வாசப்படி வரைக்கும் வந்தேன். வாயி தொறக்கல. என்னய மன்னிப்பீங்களா?"

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அன்று அந்த பஸ் ஸ்டாப்பில் எனக்கு அவள்மேல் ஒரு துளி கோபமும் வரவில்லை. தட்டு மாற்றும்போது எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்ட ஒருத்தி, வாசற்படியில் நின்றுவிட்ட ஒருத்தியை என்ன சொல்லி மன்னிப்பது?

"நானும் சொல்லல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க அங்க இல்லியேக்கா" என்றாள். பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.